எந்தக் காதில் பேசினார்? இன்டர்ஃபோன் ஆய்வு தந்த இரண்டு விடைகள்

2010 மே மாத நடுவில் இன்டர்ஃபோன் என்ற மருத்துவ ஆய்வின் கட்டுரை வெளியானது. செல்ஃபோனால் மூளையில் கட்டி வரும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று சில செய்தித்தாள்கள் எழுதின. தினம் அரை மணி நேரம் பேசினாலே ஆபத்து 40 சதவீதம் கூடுகிறது என்று வேறு சில எழுதின. எல்லோரும் வாசித்தது அந்த ஒரே கட்டுரையைத்தான். யாரும் இல்லாததை எழுதவும் இல்லை. இரண்டு விடைகளும் அதன் அட்டவணைகளில் பக்கத்து வரிசைகளில் இருந்தன.

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். செல்ஃபோனும் புற்றுநோயும் பற்றி முரண்படும் ஆய்வுகள் என்றால் பலரும் உடனே நேர்மையான விஞ்ஞானி, விலைபோன விஞ்ஞானி என்று இரண்டு கட்சியாகப் பிரித்துவிடுகிறார்கள். முரண்பாட்டின் பெரும்பகுதி அங்கே இல்லை என்பது என் வாதம். ஒரே ஆய்வுக்குள், ஒரே அட்டவணைக்குள் அது இருக்கிறது. அதனால்தான் வேறு எதையும் எடுக்காமல் இன்டர்ஃபோனை எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வு நடந்த விதம்

இன்டர்ஃபோனை ஒருங்கிணைத்தது ஃபிரான்ஸின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. சுருக்கமாக ஐஏஆர்சி, உலக சுகாதார நிறுவனத்தின் ஓர் அங்கம். தலைமை தாங்கியவர் எலிசபெத் கார்டிஸ். பிரிட்டன், ஃபிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்வீடன், டென்மார்க், ஃபின்லாந்து, நார்வே, இஸ்ரேல், ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று 13 நாடுகள் சேர்ந்தன. நோயாளிகளைச் சேர்த்தது 2000 முதல் 2004 வரை. வயது 30 முதல் 59. கிளியோமா வந்தவர்கள் 2708 பேர், மெனிஞ்சியோமா வந்தவர்கள் 2409 பேர். கிளியோமா என்பது மூளையின் நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியல் செல்களில் தோன்றும் கட்டி, பெரும்பாலும் கொடியது. மெனிஞ்சியோமா மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வளர்வது, பெரும்பாலும் சாதுவானது.

கிளியோமா அபூர்வமான நோய். மேலை நாடுகளில் ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 6 பேருக்கு வருகிறது. ஆரோக்கியமானவர்களைச் சேர்த்துக்கொண்டு யாருக்கு வருகிறது என்று காத்திருந்தால் பல லட்சம் பேரும் பல ஆண்டுகளும் வேண்டும். எனவே இன்டர்ஃபோன் பின்னோக்கிப் போனது. நோய் வந்தவரைப் பிடி, அதே வயதில், அதே பாலினத்தில், அதே பகுதியில் நோய் வராத ஒருவரைப் பிடி, இருவரிடமும் பழைய ஃபோன் பழக்கத்தைக் கேள். புகையிலையும் நுரையீரல் புற்றும் முதலில் பிடிபட்டது இந்த வழியில்தான். மட்டமான வழி என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் புகைப்பவருக்குத் தன் கணக்கு தெரியும். நாளைக்கு ஒரு பாக்கெட், இரண்டு பாக்கெட் என்று சொல்லிவிடுவார். ஃபோனில் பேசிய நிமிடங்களை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்? மூளை அறுவை முடிந்து, தலையில் தையல் ஆறிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் வந்து, "ஏழு வருஷத்துக்கு முன்னால் வாரத்துக்கு எத்தனை தடவை பேசுவீர்கள், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம், எந்தக் காதில் வைப்பீர்கள்" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? சிலர் பேசும் நிலையிலேயே இல்லை. அவர்களுக்காக வீட்டார் பதில் சொன்னார்கள்.

அட்டவணையை விரித்துப் பார்ப்போம்

வாரத்துக்கு ஓர் அழைப்பு வீதம் ஆறு மாதமாவது பேசியிருந்தால் "வழக்கமாகப் பயன்படுத்துபவர்" என்று ஆய்வு வரையறுத்தது. கிளியோமா நோயாளிகளில் அப்படிப்பட்டவர்கள் 1666 பேர், அல்லாதவர்கள் 1042 பேர். நோயில்லாத ஒப்பீட்டுக் குழுவில் 1894 பேரும் 1078 பேரும். வயது, படிப்பு எல்லாவற்றையும் சரிக்கட்டிப் பார்த்தபோது ஆபத்து விகிதம் 0.81. அதாவது ஃபோன் வைத்திருந்தவர்களுக்குக் கட்டி 19 சதவீதம் குறைவு! ஃபோன் மூளையைக் காப்பாற்றுகிறது என்று அந்த எண் சொல்கிறது. அதை அந்தக் கட்டுரையை எழுதியவர்களே நம்பவில்லை.

இப்போது அதே அட்டவணையின் கடைசி வரிக்கு வருவோம். பேசிய மொத்த நேரத்தை வைத்துப் பயன்படுத்துபவர்களைப் பத்துப் பங்காகப் பிரித்திருந்தார்கள். முதல் ஒன்பது பங்கில் ஆபத்து கூடவே இல்லை. பத்தாவது பங்கில், அதாவது 1640 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களில், விகிதம் 1.40. பத்து ஆண்டுக்குப் பிரித்தால் 1640 மணி நேரம் என்பது நாளைக்கு 27 நிமிடம். செய்திகளில் வந்த "அரை மணி நேரம்" இங்கிருந்து பிறந்தது.

என் மாணவர்களை நான் இந்த இடத்தில் நிறுத்திப் பேனாவை எடுக்கச் சொல்வேன். பத்தாவது பங்கில் கிளியோமா நோயாளிகள் 210, ஒப்பீட்டாளர்கள் 154. ஃபோன் பழக்கமில்லாதவர்களில் 1042-க்கு 1078. 210-ஐ 154-ஆல் வகுத்தால் 1.36. 1042-ஐ 1078-ஆல் வகுத்தால் 0.97. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.41. எந்தச் சரிக்கட்டலும் இல்லாமல் கிட்டத்தட்ட அதே எண் வந்துவிடுகிறது. இனி தலைகீழாகக் கேளுங்கள்: விகிதம் சரியாக 1 ஆக இருந்திருந்தால் இந்தப் பெட்டியில் எத்தனை நோயாளிகள் இருந்திருப்பார்கள்? 149 பேர். இருந்தது 210. வித்தியாசம் 61 பேர்.

13 நாடுகள், ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள், 192 லட்சம் யூரோ செலவு. உலகம் இன்றுவரை வாதிடும் அந்த 40 சதவீதம் 61 பேரின் தோளில் நிற்கிறது. அவர்கள் உண்மையிலேயே அவ்வளவு பேசியவர்களா, பேசியதாக நினைத்தவர்களா என்பதுதான் கேள்வி.

0.81 எங்கிருந்து வந்தது

ஆய்வுக்கு அழைக்கப்பட்ட எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. கிளியோமா நோயாளிகளில் 64 சதவீதம் பேர் வந்தார்கள். ஒப்பீட்டுக்கு அழைக்கப்பட்டவர்களில் 53 சதவீதம் மட்டுமே. நோய் இல்லாதவருக்கு இந்த வம்பு எதற்கு? ஃபோன் பற்றிய ஆய்வு என்றதும், ஃபோனே இல்லாதவர் "எனக்கும் இதற்கும் என்ன" என்று கதவைச் சாத்திவிடுவார். ஃபோன் வைத்திருப்பவர் ஆர்வமாக வருவார்.

இது ஊகம் இல்லை. மறுத்தவர்களில் ஒரு பகுதியினரிடம் வாசலிலேயே ஒரு சின்னக் கேள்வித்தாளை நிரப்பி வாங்கினார்கள். முழுப் பேட்டி தந்த ஒப்பீட்டாளர்களில் 69 சதவீதம் பேர் ஃபோன் பயன்படுத்துபவர்கள், மறுத்தவர்களில் 56 சதவீதம். நோயாளிகளில் 66-உம் 50-உம். மறுத்தவர்கள் ஒப்பீட்டுப் பக்கத்தில் அதிகம் என்பதால் அந்தப் பக்கம் ஃபோன் பேசுபவர்கள் செயற்கையாகப் பெருகிவிட்டார்கள். இது மட்டும் விகிதத்தை ஏறத்தாழ 10 சதவீதம் கீழே இழுத்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். மீதி 9 சதவீதத்துக்கு வேறு காரணங்கள் வேண்டும். கட்டி கண்டறியப்படும் முன்பே தலைவலி, தடுமாற்றம் தொடங்கியவர்கள் ஃபோனை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்பது ஒன்று.

தராசே இப்படி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றால், அதில் 1.40 காட்டிய எடை உண்மையில் இன்னும் அதிகம் அல்லவா? இப்படிக் கேட்டவர்கள் ஆய்வுக் குழுவுக்குள்ளேயே இருந்தார்கள். ஃபோனே இல்லாதவர்களை விட்டுவிட்டு, மிகக் குறைவாகப் பேசியவர்களோடு மிக அதிகமாகப் பேசியவர்களை ஒப்பிட்ட கணக்கு கட்டுரையின் பின்னிணைப்பில் இருக்கிறது. அங்கே விகிதம் 1.82. இது சின்ன எண் இல்லை. செல்ஃபோனில் ஒன்றுமே இல்லை என்று அடித்துப் பேசுபவர்கள் இந்தப் பின்னிணைப்பை வாசித்துவிட்டுப் பேச வேண்டும்.

1.40 எங்கிருந்து வந்தது

இங்கே எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் சித்தப்பா நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். காலை ஆறு மணிக்குக் காதில் ஏறும் ஃபோன் இரவு பத்துக்குத்தான் இறங்கும். லோடு எங்கே, வண்டி எங்கே, டிரைவர் எங்கே என்று பேசிக்கொண்டே இருப்பார். ஐம்பத்திரண்டாம் வயதில் கிளியோமா வந்து, பதினான்கு மாதத்தில் போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கண்ணு, நீ இதெல்லாம் படிச்சவன். வலது காதுலதான் உங்க சித்தப்பா ஃபோன் வெச்சுப் பேசுவாரு. கட்டியும் வலது பக்கந்தான். அப்ப அந்த ஃபோன்தானே?"

எனக்கு அப்போது வாய் வரவில்லை. சில மாதம் கழித்து ஆபீஸைக் காலி செய்யப் போனபோது சுவரில் ஆயுத பூஜை ஃபோட்டோ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மேசையில் நீளமான புக்கிங் நோட்டு. சித்தப்பாவின் வலது கையில் பேனா. ஃபோன் இடது காதுக்கும் இடது தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டிருந்தது. லாரி நம்பரை எழுதிக்கொண்டே பேசுகிறவர் வேறு எப்படிப் பிடிப்பார்? சித்தி பொய் சொல்லவில்லை. வீட்டில் சாப்பிட்டு முடித்து, சாய்ந்து உட்கார்ந்து பேசும்போது வலது காதில் வைத்திருப்பார். அவர் பார்த்தது அது. கட்டி வலது பக்கம் என்று தெரிந்த பிறகு நினைவில் அந்தக் காது மட்டும் தங்கிவிட்டது.

இன்டர்ஃபோனின் பத்தாவது பங்கில், கட்டி இருக்கும் அதே பக்கத்துக் காதில் பேசியதாகச் சொன்னவர்களுக்கு விகிதம் 1.96. எதிர்ப் பக்கத்துக் காதில் பேசியதாகச் சொன்னவர்களுக்கு 1.25. கதிர் பட்ட பக்கத்தில்தான் கட்டி வருகிறது என்பதற்கு வலுவான சாட்சியாகப் பலர் இதைக் காட்டுகிறார்கள். ஃபோன் உண்மையிலேயே காரணமாக இருந்தால் இப்படித்தான் இருக்கும். நோயாளிகள் சித்தியைப் போல நினைவுகூர்ந்தாலும் இப்படித்தான் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்ட அந்த அட்டவணையில் ஒரு வழியும் இல்லை.

நேரக் கணக்கிலும் இதே தொல்லை. சில நாடுகளில் பேட்டியில் சொன்னதை ஃபோன் கம்பெனியின் பதிவோடு ஒப்பிட்டார்கள். குறைவாகப் பேசுபவர் இன்னும் குறைத்துச் சொன்னார், அதிகம் பேசுபவர் இன்னும் கூட்டிச் சொன்னார். பின்னோக்கிப் போகப்போக நோயாளிகள் கூட்டிச் சொல்வது அதிகமானது. ஒப்பீட்டாளர்களிடம் அந்தப் போக்கு இல்லை. பத்தாவது பங்கில் நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களும் உண்டு. நிமிடத்துக்குக் காசு எண்ணிக் கொடுத்த 1990-களில் அது நம்பும்படியான கணக்கில்லை. கிளியோமா நோயாளிகள் பேசிய மொத்த நேரத்தின் நடு மதிப்பே ஏறத்தாழ 100 மணி நேரம்தான்.

ஆக 0.81-க்கும் 1.40-க்கும் தாய் ஒருத்திதான்: யார் வந்தார்கள், வந்தவர்கள் எப்படி நினைவுகூர்ந்தார்கள் என்பது. தனக்கு வேண்டிய எண்ணை மட்டும் அட்டவணையிலிருந்து பிய்த்து எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை. கட்டுரையின் முடிவுரையும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது: மொத்தத்தில் ஆபத்து கூடவில்லை, மிக அதிகப் பயன்பாட்டில் கூடுவதற்கான குறிப்புகள் உண்டு, ஆனால் பிழைகள் இருப்பதால் ஃபோன்தான் காரணம் என்று சொல்ல முடியாது.

குழுவுக்குள் நடந்தது

அந்த மூன்று வாக்கியத்துக்கு வந்து சேர அவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின. நோயாளிகளைச் சேர்த்து முடித்தது 2004, கட்டுரை வந்தது 2010. பத்தாவது பங்கின் எண் உண்மையா, பிழையா என்பதில் குழு பிளவுபட்டுக் கிடந்தது வெளியுலகுக்கும் தெரிந்தது.

2011-இல் அதே தரவை வைத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. கார்டிஸ் குழு ஐந்து நாட்டுத் தரவை எடுத்து, கட்டி இருந்த இடத்தில் எவ்வளவு கதிர் ஆற்றல் உறிஞ்சப்பட்டிருக்கும் என்று கணித்தது. ஏழு ஆண்டுக்கு முந்திய பயன்பாட்டில் மிக அதிக அளவு பெற்றவர்களுக்கு விகிதம் 1.91 வந்தது. ஃபின்லாந்தின் ஆய்வாளர்கள் முன்னின்று ஏழு ஐரோப்பிய நாட்டுத் தரவை எடுத்து, கட்டியின் மையத்துக்கும் ஃபோன் பிடிக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தார்கள். அதிகம் பேசியவர்களின் கட்டி ஃபோனுக்குக் கிட்டத்தில் இருக்கவில்லை. பானை ஒன்று, கரண்டி இரண்டு, சோறு இரண்டு விதம்.

பணம் பற்றியும் பேசியாக வேண்டும். 192 லட்சம் யூரோவில் 55 லட்சம் ஃபோன் துறையிலிருந்து வந்தது. ஆய்வாளர்களுக்கு நேராகக் கைமாறாதபடி நடுவில் தடுப்பு ஏற்பாடு இருந்தது. பணத்துக்குக் குணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். செல்ஃபோன் கதிரின் விளைவுகளைப் பார்த்த 59 சோதனை ஆய்வுகளை 2007-இல் சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று அலசியது. துறை மட்டுமே பணம் கொடுத்த ஆய்வுகள்தான் "விளைவு உண்டு" என்று சொல்வது மிக அரிதாக இருந்தது. அது கவலைப்பட வேண்டிய விஷயம். ஆனால் இன்டர்ஃபோனுக்கு இந்தச் சாவி பொருந்தவில்லை. துறையின் பணத்தை வாங்கிய அதே கட்டுரைதான் 1.40-ஐயும் பின்னிணைப்பில் 1.82-ஐயும் அச்சிட்டது.

இத்தாலியின் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி நினைத்தது. 12 ஆண்டுகள் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் வேலைக்காகப் பேசிய ஒருவருக்கு முகத்தின் உணர்வைக் கடத்தும் நரம்பில் வந்த சாதுவான கட்டிக்கு 2012-இல் இழப்பீட்டை உறுதிசெய்தது. துறைப் பணம் கலந்த ஆய்வுகளைவிட, ஸ்வீடனின் லென்னார்ட் ஹார்டெல் குழுவின் ஆய்வுகளுக்கு அந்த வழக்கில் அதிக மதிப்புத் தரப்பட்டது. இழப்பீடு யாருக்கு என்று முடிவுசெய்வது நீதிமன்றத்தின் வேலை. எது காரணம் என்பதை அந்தத் தீர்ப்பை வைத்து நிறுவ முடியாது. சமூக வலைத்தளங்களில் "நீதிமன்றமே ஒப்புக்கொண்டது" என்று அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மற்ற சாட்சிகள்

நினைவை நம்பாதே, பதிவேட்டை நம்பு என்று டென்மார்க் போனது. 1982 முதல் 1995 வரை ஃபோன் இணைப்பு வாங்கிய 4,20,095 பேரைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு பொருத்தியது. ஆபத்து கூடவில்லை, 2011-இல் புதுப்பித்தபோதும் கூடவில்லை. ஆனால் கம்பெனி பேரில் இணைப்பு வைத்திருந்த ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் ஆய்வில் "ஃபோன் இல்லாதவர்கள்" பக்கம் போய்விட்டார்கள். அந்தக் காலத்தில் மிக அதிகம் பேசியவர்களே அவர்கள்தான். 1995-க்குப் பிறகு ஃபோன் வாங்கியவர்களும் அதே பக்கம். நினைவுப் பிழையிலிருந்து தப்பித்து வேறு குழியில் விழுந்தது இந்த ஆய்வு.

ஹார்டெலின் ஆய்வுகள் நீண்டகாலப் பயன்பாட்டில் இருமடங்கு அளவுக்கு ஆபத்தைக் காட்டின. 2014-இல் ஃபிரான்ஸின் செரெனாட் ஆய்வு, 896 மணி நேரத்துக்கு மேல் பேசியவர்களில் கிளியோமாவுக்கு 2.89 என்றது. இரண்டும் நினைவைக் கேட்டுச் செய்தவை. பிரிட்டனின் பத்து லட்சம் பெண்கள் ஆய்வு முன்னோக்கிப் போனது. நோய் வருமுன்பே கேட்டு வைத்துக்கொண்டது. 2013-இல் அதில் செவி நரம்புக் கட்டி மட்டும் கூடியதாகத் தெரிந்தது, மேலும் சில ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது அது கரைந்துவிட்டது. ஏறத்தாழ 7,76,000 பெண்களை வைத்து 2022-இல் வந்த முடிவு: மூளைக் கட்டிக்கு 0.97, அதாவது வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் நடுவயதைத் தாண்டியவர்கள், புக்கிங் ஆபீஸ்காரர் அளவுக்குப் பேசியவர்கள் வெகு சிலர்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை 2012-இல் அமெரிக்காவில் செய்யப்பட்டது. ஹார்டெலின் எண்கள் உண்மையானால் 2008-க்குள் அமெரிக்காவில் கிளியோமா எவ்வளவு கூடியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். பதிவேட்டில் இருந்ததைவிடக் குறைந்தபட்சம் 40 சதவீதம் அதிகம் வந்தது. ஆகவே அந்த எண்கள் நிற்காது. ஆனால் இன்டர்ஃபோனின் 1.40 போன்ற சிறிய ஆபத்து, மிக அதிகம் பேசுபவர்களுக்கு மட்டும் என்றால், நாட்டின் மொத்தக் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது. பெரிய பூதம் இல்லை என்று அந்தச் சோதனை காட்டியது. சின்னப் பூதம் பற்றி அதனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இங்கிலாந்தில் 1995-க்கும் 2015-க்கும் நடுவில் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய வகை இருமடங்கானதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஸ்கேன் வசதி பெருகியதும் வயதானவர்கள் பெருகியதும் அதில் எவ்வளவு என்று வாதம் நடக்கிறது.

லியோனில் எட்டு நாள், அமெரிக்காவில் எலிகள்

2011 மே 24 முதல் 31 வரை 14 நாடுகளின் 31 விஞ்ஞானிகள் லியோனில் ஐஏஆர்சியில் கூடினார்கள். செல்ஃபோன் கதிரான ரேடியோ அலைகளை 2பி பிரிவில் வைத்தார்கள்: "புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை". இந்தப் பிரிவு ஆதாரத்தின் வலுவைச் சொல்கிறது, ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. அதே பிரிவில் ஆசிய முறை ஊறுகாய்க் காய்கறிகளும் உண்டு. சான்று அரைகுறை, கதவை மூட முடியாது என்பதே 2பி-யின் பொருள். நம் பத்திரிகைகள் அதை "புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவிப்பு" என்று போட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஊறுகாயைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனவர்கள்மேலும் அதே வருத்தம்தான்.

மனிதரிடம் கேட்டால் நினைவு குழப்புகிறது. எலிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் எலிகளை இரண்டு ஆண்டுகள், நாளுக்கு ஒன்பது மணி நேரம், உடல் முழுக்கக் கதிரில் வைத்தது. 2018-இல் இறுதி அறிக்கை. ஆண் எலிகளின் இதயத்தில் ஷ்வானோமா என்ற கொடிய கட்டிக்குத் "தெளிவான சான்று", மூளைக் கிளியோமாவுக்குச் "சிறிதளவு சான்று". பெண் எலிகளில் அப்படித் தெளிவாக இல்லை. கதிர் பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன என்பது இன்னொரு புதிர். எலிகளின் உடல் உறிஞ்சிய கதிர் ஆற்றலின் அதிகபட்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 6 வாட். பொதுமக்களின் முழு உடலுக்கு உலக வரம்பு 0.08 வாட். இந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு எலி முடிவை அப்படியே மனிதருக்குத் தூக்கிப்போட எனக்குத் துணிவில்லை. ஒன்றுமில்லை என்று தூக்கி எறியவும் துணிவில்லை.

இயற்பியல் பக்கம் நிற்பவர்கள் சொல்வது சரியானது. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானில் உள்ள ஆற்றல், ஒரு எலக்ட்ரான் வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஏறத்தாழ நான்கு பங்கு. மூலக்கூறை அயனியாக்க, அதாவது அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க, அதுபோலப் பல லட்சம் மடங்கு வேண்டும். எக்ஸ்-ரே போல டிஎன்ஏவை உடைக்க அதனால் முடியாது. சூடு தவிர வேறு வழி எதுவும் உறுதிப்படவில்லை. இருந்தும் எலியில் கட்டி வந்தது ஏன் என்ற கேள்விக்கு "வரக்கூடாது" என்பது பதிலாகாது.

இப்போது எங்கே நிற்கிறோம்

இன்டர்ஃபோனின் காயத்துக்கு மருந்தாகவே காஸ்மாஸ் ஆய்வு வடிவமைக்கப்பட்டது. டென்மார்க், ஃபின்லாந்து, ஸ்வீடன், நெதர்லாந்து, பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நோய் வருமுன்பே சேர்த்தார்கள். சொன்ன நேரத்தை ஃபோன் கம்பெனிப் பதிவை வைத்துத் திருத்தினார்கள். 2024-இல் முதல் முடிவு: கிளியோமா 149 பேருக்கு; பேசிய நேரம் நூறு மணி நேரம் கூடினால் ஆபத்து விகிதம் 1.00. மிக அதிகம் பேசியவர்களில் 1.07, ஆனால் அதன் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லை, 0.62 முதல் 1.86 வரை. இன்டர்ஃபோனின் 1.40 அந்த இடைவெளிக்குள் இன்னும் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. 149 பேர் போதவில்லை, ஆய்வு தொடர்கிறது.

அதே 2024-இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டபடி 63 மனித ஆய்வுகளைத் தொகுத்த கென் கரிபிடிஸ் குழு, மூளைப் புற்றுக்கும் செல்ஃபோனுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. 2025-இல் அதே நிறுவனம் கேட்ட விலங்கு ஆய்வுத் தொகுப்பு, ஆண் எலிகளின் இதய ஷ்வானோமாவுக்கும் கிளியோமாவுக்கும் உயர் நம்பகச் சான்று உண்டு என்றது. மீண்டும் இரண்டு விடை. ஆனால் இந்த முறை கேள்விகளே வேறு வேறு.

எல்லாவற்றையும் வைத்து என் தீர்ப்பைக் கேட்டால்: பெரிய ஆபத்து இல்லை என்பது இன்று உறுதி. பல ஆண்டுகள், மிக அதிகமாக, காதோடு ஒட்டிப் பேசியவர்களுக்குச் சிறிய ஆபத்து இருக்கலாம் என்ற சந்தேகம் ஒவ்வொரு நல்ல ஆய்விலும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துவருகிறது. இன்டர்ஃபோன் காலத்து ஜிஎஸ்எம் (2ஜி) ஃபோனைவிட 3ஜி-க்குப் பிந்திய ஃபோன்கள் வெளிவிடும் சராசரி ஆற்றலும் மிகக் குறைவு.

சித்தியிடம் போனேன். ஃபோட்டோவைப் பற்றிச் சொல்லவில்லை. 1.40 முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அப்படிப் பேசி நோய் வந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு ஃபோனைத் தொடாவிட்டாலும் வந்திருக்கும், மீதி இரண்டு பேர் யார் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"நான் அந்த ஃபோனைப் புடுங்கி வெச்சிருக்கணுமோன்னு ராத்திரியெல்லாம் நெனைக்கிறேன் கண்ணு."

"இல்ல சித்தி. புடுங்கி வெச்சிருந்தாலும் இப்படியே ஆயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

பிறகு பேரனைப் பற்றிக் கேட்டார். பன்னிரண்டு வயது, ஃபோனை விடுவதில்லை. கார்டிஸ் தலைமையில் இந்தியா உட்பட 14 நாடுகளில் 10 முதல் 24 வயதுப் பிள்ளைகளை வைத்து மோபி-கிட்ஸ் என்ற ஆய்வு நடந்ததையும், அதிலும் ஆபத்து கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதையும் சொன்னேன். இந்தியாவில் தலை உறிஞ்சும் கதிருக்கான வரம்பு 2012 செப்டம்பர் முதல் கிலோவுக்கு 1.6 வாட், உலகின் பல நாடுகளைவிடக் கடுமையானது என்றேன். அவன் காதில் வைத்துப் பேசுவதே இல்லை, கையில் பிடித்து வீடியோ பார்க்கிறான், தலைக்கும் ஃபோனுக்கும் ஒரு முழ தூரம் இருக்கிறது, அந்தத் தூரத்தில் கதிர் வெகுவாகக் குறைந்துவிடும் என்றேன். கண்ணும் தூக்கமும் கெடும், அதற்காக வேண்டுமானால் திட்டுங்கள் என்றும் சொன்னேன்.

சித்தி இப்போது யாரிடம் பேசினாலும் ஃபோனைத் திண்ணையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார்.